தண்ணீர் ஊற்றியவன் எழுதும் கதை

1

இந்தக் கதை ஒரு கொலையிலிருந்து பிறந்தது. முதல் வரைவை அப்படித்தான் ஆரம்பித்திருந்தேன். அதைப் படித்த என் அக்கா, "கொலைன்னா திட்டம் போட்டுப் பண்ணணும். உனக்கு என்னைக்கு எது திட்டமா வந்திருக்கு?" என்றாள். ஆகவே திருத்தி எழுதுகிறேன்: இந்தக் கதை ஒரு செடி அழுகியதிலிருந்து பிறந்தது. அழுக வைத்தவன் நான்.

ஆனால் கதைக்குள் அவனை ‘நான்’ என்று சொல்லப் போவதில்லை, ‘தம்பி’ என்றுதான் சொல்லப் போகிறேன். இலக்கிய உத்தியா என்று யாராவது கேட்டால் ஆமாம் என்று தலையாட்டிவிடுவேன். பழி கொஞ்சம் தள்ளிப்போய் விழட்டும் என்பதுதான் உண்மை.

2

முதல் தொடக்கம்: ‘பனி படிந்த மாடியில் ஆயிரம் பச்சை ரோஜாக்கள் கண்விழித்த அந்தக் காலையில் —’

(விட்டுவிட்டேன். மாடியில் இருந்தவை முந்நூற்றுச் சொச்சம். அன்று பனியும் இல்லை.)

இரண்டாம் தொடக்கம்: ‘கள்ளிச்செடிகளுக்கு நடுவே அவள் ஒரு —’

(அக்கா பேனாவையே பிடுங்கிவிட்டாள். "கள்ளி இல்லைடா! சக்குலன்ட். பன்னிரண்டு வருஷமா சொல்றேன், ஒருத்தர் காதுலயும் ஏறல." குறிப்பு: தடித்த இலையிலோ தண்டிலோ தண்ணீரைச் சேமித்து வைத்துக்கொண்டு வாழும் எல்லாச் செடிகளும் சக்குலன்ட். கள்ளி அதில் ஒரு குடும்பம் மட்டுமே. எங்கள் குடும்பத்தில் மட்டும் தொட்டியில் இருக்கிற குண்டான எதுவும் கள்ளிதான்.)

மூன்றாம் தொடக்கத்தில் அலங்காரம் இல்லை. அதனால் அதுவே போதும்.

அக்கா ஒரு கண்ணாடிக்கடையில் லென்ஸ் தேய்க்கிறாள். கண்ணில் உருப்பெருக்கியை மாட்டிக்கொண்டு நாளெல்லாம் அடுத்தவர் பார்வையைச் சரிசெய்துவிட்டு, வீட்டுக்கு வந்ததும் அதே உருப்பெருக்கியோடு மாடிக்கு ஏறிவிடுவாள். அங்கே நிழல்வலைக்குக் கீழே அவள் செய்வது கல்யாணத் தரகு வேலை. ஒரு செடியின் பூவைப் பிரித்து, மகரந்தம் உதிர்வதற்கு முன்பே அதன் மகரந்தப் பைகளைச் சாமணத்தால் கிள்ளி எடுத்துவிடுவாள். இன்னொரு செடியின் மகரந்தத்தை மெல்லிய தூரிகையில் தொட்டு வந்து அதில் தடவுவாள். காம்பில் கலர் நூல் கட்டுவாள். இரண்டரை மாதத்தில் விதை. விதை முளைத்து, பிள்ளை எந்தச் சாடை என்று தெரிய இரண்டு மூன்று வருஷம். நூறு பிள்ளைகளில் தொண்ணூற்றொன்பது சுமாராக இருக்கும். அவை ‘ஒதுக்கு’ என்று எழுதிய தட்டுக்குப் போய்விடும்.

நாற்பத்தோராவது கலப்பில் நூற்று அறுபத்து மூன்று கன்றுகள் வந்தன. பதினேழாவது கன்றுதான் இந்தக் கதையின் நாயகி. சாம்பல் பூத்த நீல இலைகள், ஒன்றன்மேல் ஒன்று அடுக்கிவைத்தாற்போல். ஒவ்வொரு இலையின் விளிம்பிலும் சிவப்பாக ஒரு கோடு. இதன் மற்ற சொந்தக்காரர்களை எல்லாம் வெயில் குறைந்த இடத்தில் வைத்தால் சிவப்பு வெளுத்து, உடம்பு நீண்டு, பஸ்ஸுக்குக் காத்திருப்பவரைப் போலக் கழுத்தை நீட்டிக்கொண்டு நிற்கும். பதினேழு அப்படி ஆகவில்லை. வீட்டுக்குள் ஜன்னலோரத்தில் ஆறு மாதம் வைத்தும் கோடு மங்கவில்லை, அடுக்கு குலையவில்லை. அக்கா எதிர்பார்த்துக் கிடந்தது இந்த ஒன்றைத்தான்.

படத்தைப் பார்த்த ஒரு நர்சரிக்காரர் நேரில் வருவதாகச் சொன்னார். "வெயில் வராத பால்கனி வெச்சிருக்கவங்க எத்தனை பேரு தெரியுமாம்மா? எல்லாரும் இதைத்தான் கேப்பாங்க."

பதினேழில் ஒரே ஒரு செடிதான் இருந்தது. இலையைக் கிள்ளி வேர்பிடிக்க வைக்க மூன்று முறை பார்த்தாள், மூன்றும் காய்ந்துவிட்டன. தலையை வெட்டினால் அடித்தண்டு பக்கத்தில் கிளைக்கும். அவர் ஒருமுறை முழுதாகப் பார்க்கட்டும், அப்புறம் வெட்டலாம் என்று வைத்திருந்தாள்.

3

அந்தச் சமயத்தில்தான் அக்கா மகளுக்குப் பிரசவ நாள் நெருங்கியது. மகள் இருப்பது வேறு ஊர். அக்காவும் மாமாவும் ஐந்து வாரத்துக்குக் கிளம்பினார்கள். செடிகளைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு இரண்டு தெரு தள்ளியிருக்கும் தம்பிக்கு வந்தது. அவனுக்கு ஆபீஸ் கிடையாது, எழுத்தாளன். ‘சும்மாதானே இருக்கே’ என்பதை அக்கா இதைவிட மரியாதையாகச் சொன்னாள்.

"மாடியில இருக்கறதுக்குப் பத்து நாளைக்கு ஒரு தடவை தண்ணி. பதினேழை மட்டும் உன் வீட்டுக்கு எடுத்துட்டுப் போ. மாடியில எலி வருது. உன் மேஜை ஜன்னல்ல வை. அதுக்குத் தண்ணியே வேணாம்."

"அஞ்சு வாரமுமா?"

"மண்ணுக்குள்ள விரல் விட்டுப் பாரு. காஞ்சிருந்தா இன்னும் ஒரு வாரம் பொறு. அப்பவும் மனசு கேக்கலைன்னா எனக்குப் போன் பண்ணு. நான் வேணாம்னு சொல்றேன்."

இதைவிடத் தெளிவாக எந்த மனிதனும் எதையும் சொல்லிவிட முடியாது.

தம்பி அப்போது ஒரு நாவலின் ஏழாம் அத்தியாயத்தில் இருந்தான். அதில் கதாநாயகன் ஒரு கதவைத் திறக்க வேண்டும். நான்கு மாதமாகத் திறக்கப்போய்க்கொண்டிருந்தான். வாக்கியம் வராதபோது எழுத்தாளர்கள் எதையாவது செய்தாக வேண்டும். சிலர் சிகரெட் பிடிப்பார்கள். தம்பி சிகரெட்டை விட்டு மூன்று வருஷம் ஆகியிருந்தது. எதிரே ஜன்னலில் ஒரு செடி. கையருகே ஒரு டம்ளர் தண்ணீர். வாடினாற்போல ஒரு நினைப்பு. (வாடியது செடியல்ல.) ஒரு வாய் ஊற்றினான். ஏதோ ஒரு காரியத்தை முடித்த திருப்தி வந்தது.

அந்த மாதத்தில் வாக்கியம் வராத நாட்கள் இருபத்தாறு.

இதில் ஒரு வேடிக்கையையும் சொல்லியாக வேண்டும். அக்கா வீட்டு மாடிக்கு ஏறச் சோம்பல்பட்டு, அங்கே தண்ணீர் ஊற்ற அவன் மொத்தமாக இரண்டு தடவைதான் போனான். அந்த முந்நூறும் அவன் சோம்பேறித்தனத்தில் செழித்து நின்றன. இது ஒன்றுதான் அவன் அக்கறையில் செத்தது.

4

நான்காவது வாரத்தில் அடியிலை ஒன்று கண்ணாடிபோல் ஆனது. அந்தப் பக்கம் இருப்பது தெரிந்தது. அழகாக இருக்கிறதே என்று தம்பி தன் நோட்டில் குறித்துக்கொண்டான் (‘ஒளி ஊடுருவும் இலை — எங்காவது பயன்படுத்தலாம்’). மறுநாள் தொட்டான், இலை கையோடு வந்தது. அடுத்ததும் வந்தது. பிறகு தலை முழுவதுமே வந்துவிட்டது. தண்டு கறுத்து, அழுகிய வெங்காயத்தைப் போல நசுங்கியது. உதிர்ந்த இலைகளைத் துடைத்துக் காகிதத்தில் பரப்பினான். இரண்டு நாளில் அவையும் கூழாகிவிட்டன.

அக்காவுக்குப் போன் செய்திருக்கலாம். எடுத்தான்கூட. அந்தப் பக்கம் அக்கா எடுத்த எடுப்பில், "பொண்ணு பொறந்திருக்கா! மூணே கால் கிலோ!" என்று கத்தினாள். தம்பி வாழ்த்துச் சொன்னான். செடி எப்படி இருக்கிறது என்று அவள் கேட்டாள்.

"அப்படியே இருக்குக்கா."

(இந்த இடத்தில் தம்பி எனக்குப் பிடிக்காமல் போகிறான். இவனைக் கதையிலிருந்தே தூக்கிவிடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். தூக்கினால் செடி பிழைத்துவிடும், கதை செத்துவிடும். நான் எதைத் தேர்ந்தெடுத்தேன் என்பது உங்களுக்கே தெரிகிறது. எழுத்தாளர்களிடம் செடியைக் கொடுக்காதீர்கள்.)

பிறகு அவன் செய்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், நீட்டினால் வெட்கமாக இருக்கிறது. அக்கா வீட்டு மாடிக்கு மூச்சிரைக்க ஏறினான். ‘ஒதுக்கு’ தட்டைக் கிளறினான். அதே கலப்பின் ஐம்பத்தெட்டாவது கன்று ஏறக்குறைய அதே சாடையில் இருந்தது. அதைப் பெயர்த்தெடுத்து, பதினேழின் தொட்டியில் நட்டு, நன்றாக நிற்கட்டும் என்று கட்டைவிரலால் அழுத்தி, ‘41-17’ என்று எழுதிய பட்டையைப் பக்கத்தில் செருகினான். தள்ளி நின்று பார்த்தான். அச்சு அசல்.

5

அக்கா வந்து இறங்கிய அன்றே, பெட்டியைக்கூடப் பிரிக்காமல், தம்பி வீட்டுக்கு வந்தாள். பேத்தியின் படங்களைக் காட்டினாள். பேசிக்கொண்டே ஜன்னல் பக்கம் திரும்பினாள்.

"இதுல யாரு கைநாட்டு வெச்சது?"

அந்த இலைகளின்மேல் திருநீறு பூசினாற்போல ஒரு வெண்பொடி படிந்திருக்கும். விரல் பட்டால் போய்விடும், அந்த இலையில் மறுபடி வராது. அதனால் அக்கா பன்னிரண்டு வருஷத்தில் ஒரு நல்ல செடியின் இலையைக்கூட விரலால் தொட்டதில்லை. ஐம்பத்தெட்டின் நெஞ்சில் தம்பியின் கட்டைவிரல், ரேகை ரேகையாக, பத்திரத்தில் வைத்ததுபோல் பதிந்திருந்தது.

அவள் குனிந்து பார்த்தாள்.

"இது அம்பத்தெட்டு. பதினேழு எங்க?"

தம்பி கதை சொல்லியே காலம் ஓட்டுகிறவன். அந்த நேரத்தில் அவனுக்குக் கிடைத்தது இதுதான்: "குளிருக்குக் கொஞ்சம் நெறம் மாறியிருக்கும்க்கா."

"தண்ணி ஊத்தினியா?"

"கொஞ்சூண்டு."

"எத்தனை தடவை?"

"வாக்கியம் வராதப்ப மட்டும்."

"எத்தனை தடவைடா வரல?"

அக்கா தொட்டியைத் தொடாமல் எழுந்து, பேத்தி படம் இருந்த போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு, செருப்பை மாட்டினாள்.

6

நர்சரிக்காரர் வந்த நாளை மூன்று விதமாக எழுதி வைத்திருக்கிறேன்.

அ) தம்பி முன்னே வந்து, நெஞ்சை நிமிர்த்தி, "தப்பு என்னோடது" என்கிறான். நர்சரிக்காரர் அவன் நேர்மையை மெச்சுகிறார். (இதை எழுதும்போது எனக்கே கண் கலங்கியது. அதனாலேயே சந்தேகம் வந்து கிழித்துப்போட்டேன்.)

ஆ) ஐம்பத்தெட்டையே அவர் பதினேழு என்று நம்பி வாங்கிப் போகிறார், எல்லோரும் —

(இல்லை. ஐம்பத்தெட்டை மேஜையில் வைத்த மூன்று வாரத்திலேயே அது கழுத்தை நீட்ட ஆரம்பித்திருந்தது.)

இ) நடந்தது. மணியடித்ததும் தம்பி, "டீ போட்டு எடுத்துட்டு வரேன்" என்று அக்கா வீட்டுச் சமையலறைக்குள் போனான். டீ கொதித்து, சுண்டி, பாத்திரத்தில் பிடித்துக் கருகும்வரை வெளியே வரவில்லை. அங்கிருந்து கேட்டான்.

"அந்தச் செடி செத்துப்போச்சுங்க," என்றாள் அக்கா.

"அடடா. எப்படிம்மா?"

"தண்ணி."

யார் ஊற்றியது என்று அவரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

"அதே ஜோடியை மறுபடி கலந்து பாக்கலாமே?"

"கலக்கலாம். இன்னொரு புள்ள பொறக்கும். அதே புள்ள பொறக்காதுங்க. எங்க வீட்டையே பாருங்களேன், ஒரே அப்பா அம்மாதான்."

நர்சரிக்காரருக்கு அந்த நகைச்சுவை புரியவில்லை. சமையலறைக்குப் புரிந்தது.

போகும்போது அவர், நல்லதாக வேறு ஏதாவது வந்தால் கூப்பிடச் சொன்னார். மரியாதைக்குச் சொல்கிற குரல் அது. தம்பிக்கே தெரிந்தது.

7

இதுவரை எழுதியதை அக்காவிடம் கொடுத்தேன். (தம்பி கொடுத்தான் என்று எழுதியிருக்க வேண்டும். இருக்கட்டும், இனி மறைந்து என்ன.) கடை மேஜையில், லென்ஸ்களுக்கு நடுவே வைத்துப் படித்தாள். கைநாட்டு இடத்தில் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன், சிரிக்கவில்லை.

"நல்லாத்தான் எழுதியிருக்கே. ஆனா இந்த அக்கா யாரு?"

"நீதான்."

"நான் இவ்வளவு பெரிய மனுஷியா? செருப்பை மாட்டிட்டுக் கம்முன்னு போயிட்டேன்னு எழுதியிருக்கே. போயி என்ன பண்ணினேன்னு உனக்குத் தெரியுமா? உன் வீட்டுப் படியில உக்காந்து அழுதேன். மேல்வீட்டுக்காரங்க தண்ணி கொண்டுவந்து குடுத்தாங்க. குழந்தை பொறந்த சந்தோஷத்துல அழறேன்னு சொன்னேன். பொறந்த புள்ளையைச் சாக்கா சொன்னேன்டா. அது எனக்கு இன்னும் உறுத்துது."

கதவுக்கு இந்தப் பக்கம், நாலடி தூரத்தில், நான் அப்போது தப்பித்தோம் என்று காற்றாடியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"நர்சரிக்காரர்கிட்ட உன் பேரைச் சொல்லாதது பெருந்தன்மைன்னு நெனச்சுக்காதே. சொன்னா உன் முகத்தைப் பாக்கணும். எனக்குப் பாக்கப் புடிக்கல அன்னைக்கு."

"இப்ப?"

அவள் ஒரு லென்ஸை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள். கீறல் எதுவும் இல்லாத லென்ஸ். ஆனாலும் நேரம் எடுத்துக்கொண்டாள்.

"மன்னிச்சிட்டேன்னு எழுதாதே. மன்னிக்கலைன்னும் எழுதாதே. எனக்கே தெரியாததை நீ எப்படி எழுதுவே?"

நர்சரிக்காரர் போன இடத்துக்கு அடுத்து நான் போட்டிருந்த நாலு பத்தி முடிவை அவளே அடித்துவிட்டாள். லென்ஸில் குறிவைக்கிற பேனா அது, துடைத்தாலும் போகாது.

8

முடிவு இல்லாமல் கதையை மூடிவிடலாம் என்றிருந்தபோது அக்கா போன் செய்தாள். நர்சரிக்காரர் வந்துபோன மறுநாளே, அதே அப்பா அம்மாவைப் பிடித்து மறுபடி கலந்திருக்கிறாள். என்னிடம் மூச்சே விடவில்லை. பூக்கள் காய்ந்து விதையாகிவிட்டன.

"ஞாயித்துக்கிழமை காலையில வா. விதை பிரிக்கணும். தாளை அசையாமப் புடிச்சுக்க ஒரு ஆள் வேணும். மாமாவுக்குக் கை நடுங்குது."

என்னை எதற்குக் கூப்பிட்டாள் என்று மூன்று நாள் ஆராய்ச்சி செய்தேன். அவள் சொன்ன காரணத்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் யோசித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை கூடத்தில் ஜன்னல்களைச் சாத்தினோம். காற்றாடியை நிறுத்தினோம். அக்கா வெள்ளைத் தாளின்மேல் காய்ந்த பூக்களை ஒவ்வொன்றாகச் சாமணத்தால் பிரித்துத் தட்டினாள். விதை என்று பெயர்தான், பழுப்பு நிறப் புழுதி. ஒரு புள்ளிக்குள் பத்து இருக்கும். நான் தாளின் இரண்டு ஓரத்தையும் பிடித்துக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் படம் எடுக்கும்போது நின்றதுபோல் உட்கார்ந்திருந்தேன்.

"மூச்சை மெதுவா விடு. இந்த வருஷத்துக்கு இவ்வளவுதான்."

கடைசிப் பூவையும் தட்டி முடித்தாள். தாள் நடுவில் ஒரு சிட்டிகை கூடியிருந்தது. அதில் எத்தனை சுமார், எத்தனை நல்லது, ஒன்றாவது ஜன்னலோரத்தில் சிவப்பு மங்காமல் இருக்குமா, மூன்று வருஷம் ஆகும் தெரிய. அக்கா காகித உறையைத் திறந்து பிடித்தாள். தாளை மடித்துச் சாய்க்க வேண்டியதுதான் பாக்கி.

அப்போது காய்ந்த பூவின் தூசு ஒன்று மிதந்து வந்து என் மூக்குக்குள் நுழைந்தது.

நான் கண்ணை இறுக்கிக்கொண்டேன். நாக்கை மேலண்ணத்தில் அழுத்தினேன். அக்கா நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள். மாதக்கணக்கில் நேராகப் பார்க்காமல் இருந்த முகம் அது. அவளுக்குப் புரிந்துவிட்டது. ஒரு கையில் உறை, ஒரு கையில் சாமணம். சாமணத்தைக் கீழே போட்டுவிட்டு, இரண்டு விரலால் என் மூக்கை இறுக்கிப் பிடித்தாள்.

"தம்பி, வேணாம்டா," என்றாள், மிக மெதுவாக.

தாள் இன்னும் என் கையில் இருக்கிறது. அவள் விரல் இன்னும் என் மூக்கில் இருக்கிறது. இதற்கு அடுத்த வரி எனக்குத் தெரியும், ஆனால் எழுத மாட்டேன். நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். சத்தம் போடாமல் எழுதுங்கள்.