ஷபானாவின் பெயரில் ஒரு மாற்றம்

சரக்குக் கிடங்குகளின் மென்பொருள் ஓடும் சர்வரைக் கவனிப்பது ஷபானாவின் வேலை. தம்பியின் நிக்காஹ்வுக்கு ஊருக்குப் போகும்போது, அவசரத்துக்கு இருக்கட்டும் என்று தன் பாஸ்வேர்டை உடன் வேலை பார்க்கும் இளமாறனிடம் கொடுத்தாள். இருவரும் ஐந்து வருடமாகச் சிங்கப்பூரின் தேக்கா உணவுக் கடைகளில் ஒன்றாகச் சாப்பிடும் நண்பர்கள்.

திரும்பிய அன்றே மேலாளர் இருவரையும் கூப்பிட்டார். சர்வர் ஒரே நேரத்தில் ஏற்கும் இணைப்புகளை யாரோ இருநூற்றிலிருந்து இருபதாகக் குறைத்ததில், கிடங்குகளில் அரை நாள் வேலை நின்றிருந்தது. மாற்றியவர் ஷபானா என்று பதிவாகியிருந்தது.

"நான் அன்னிக்குக் கல்யாண மண்டபத்துல இருந்தேன் சார். மாறன், நீயே சொல்லு."

இளமாறன் அவளைப் பார்க்கவில்லை. "எனக்கு ஒண்ணும் தெரியாது சார். ஊர்லேருந்து அவங்களே லாகின் பண்ணியிருப்பாங்க."

ஷபானா சர்வரின் பதிவேட்டைத் திறந்து, மாற்றம் எந்தக் கணினியிலிருந்து வந்தது என்று காட்டினாள். அது இளமாறனின் மேசைக் கணினி.

அவன் தலை குனிந்தது. பாஸ்வேர்டைக் கொடுத்ததற்காக அவளுக்கும் எச்சரிக்கைக் கடிதம் கிடைத்தது.

லிஃப்ட் அருகே அவன் ஓடிவந்தான். "தெரியாம ஒரு சைபரை விட்டுட்டேன், பயந்துட்டேன் ஷபானா. ஒர்க் பாஸ் போயி ஊருக்கே திருப்பி அனுப்பிடுவாங்கன்னு நினைச்சேன்."

"எனக்கும் அதே ஒர்க் பாஸ்தானே?"

அவனோடு லிஃப்டில் நிற்கப் பிடிக்காமல், ஷபானா பதினொரு மாடியும் படியிலேயே இறங்கினாள்.