பதினோரு ஒன்றுகள்

ஒரு முடிவெடுக்கக் கணக்கு டீச்சர் சாமி முன்னால் பூக் கட்டிப் பார்ப்பாளா? மாட்டாள். அவளுக்கென்று வேறு கிறுக்கு இருக்கும். தையல்நாயகிக்கும் சரசாவுக்கும் ஒன்றாம் எண் மேல் கிறுக்கு.

கூத்தாநல்லூர்ப் பெண்கள் பள்ளியில் இருவரும் கணக்கு டீச்சர்கள். ரஹ்மத் பீவி வீட்டு மாடியில் ஒரே அறை. தையல்நாயகி முத்துப்பேட்டைப் படகுக்காரர் மகள். சரசா திருக்காட்டுப்பள்ளிப் பண்ணை வீட்டுப் பெண். மீன் குழம்பு கொதித்தால் சரசா மூக்கைப் பொத்திக்கொண்டு மொட்டை மாடிக்கு ஓடுவாள். என்ன சந்தோஷமான நாட்கள் அவை!

சாயங்காலமானால் ஒன்றுகளை வரிசையாக எழுதி, அந்த எண் வேறு எதனாலாவது மீதியில்லாமல் வகுபடுகிறதா என்று பார்ப்பார்கள். வகுபட்டால் உடைந்ததாகக் கணக்கு. ஏழு ஒன்றுகளை 239 உடைத்துவிட்டது. பதினோரு ஒன்றுகள் மட்டும் நடவு வரிசை மாதிரி அசையாமல் நின்றன.

அந்த வருஷம் டெல்டா கொதித்துக் கிடந்தது. கூலித் தகராறு, வயலில் செங்கொடி, போதாக்குறைக்கு நில உச்சவரம்புச் சட்டம். சரசாவின் அப்பா ஸ்ரீநிவாசன் நிலத்தை விற்றுவிட்டு மெட்ராஸ் போக முடிவு செய்தார். மகளையும் வேலையை விட்டுவிட்டு வரச் சொன்னார்.

"நாமளும் ஒரு பூக் கட்டிப் பார்ப்போம்," என்றாள் சரசா. "இந்தப் பதினொண்ணு உடைஞ்சா இங்கேயே இருக்கேன். உடையலேன்னா போறேன். உடைக்கறது உன் பொறுப்பு. சித்திரை பொறக்கற வரைக்கும் டைம்."

தையல்நாயகி சோறு தண்ணி மறந்து வகுத்தாள். இருபத்திரண்டின் மடங்கோடு ஒன்று கூட்டிய எண்களை மட்டும் பார்த்தால் போதும் என்ற குறுக்குவழி தெரிந்தும், லட்சம் வரை போகவேண்டிய வேலை. இருபதாயிரத்தைத் தொட்டபோது நிமிர்ந்து பார்த்தாள். சரசா பாடிக்கொண்டே புடவைகளை மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தாள். ஆசையாகப் புறப்படுகிறவளைப் பிடித்து வைக்க நான் யார்? தையல்நாயகி பென்சிலைக் கீழே வைத்துவிட்டாள்.

"உடையலைடி. போய்ட்டு வா."

"நன்னாப் பார்த்தியா?"

"பார்த்தேன்."

சரசா போய்விட்டாள்.

இருவருக்கும் தலை நரைத்த பிறகுதான் அவள் முத்துப்பேட்டைக்கு வந்தாள், சாயங்கால பஸ்ஸில் திரும்புவதாகச் சொல்லிக்கொண்டே. அலையாத்திக் காட்டுக்குள் படகு மெல்லப் போயிற்று.

"நிஜமா எதுவரைக்கும் வகுத்தே?"

"இருபதாயிரம். நீதான் பாடிக்கிட்டே பொட்டி கட்டினியே."

சரசா சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பு பாதியில் நின்றுபோயிற்று.

"இருபத்தோராயிரத்து அறுநூத்து நாப்பத்தொம்போதுல உடையும். தஞ்சாவூர் லைப்ரரிப் புஸ்தகத்துல பார்த்துட்டுத்தான் பந்தயமே கட்டினேன். அப்பாகிட்ட மாட்டேன்னு சொல்ல எனக்கு வாய் வரலை. நீ உடைச்சுடுவேங்கற தைரியத்துலதாண்டி பாடினேன்."

தையல்நாயகி தண்ணீரில் விரலை நனைத்து, படகுப் பலகையில் வகுக்கத் தொடங்கினாள். கண் கலங்கியது, எண்கள் காயக் காய மறுபடி எழுதினாள். கடைசியில் மீதி பூஜ்யம்.

"உடைஞ்சிடுச்சுடி, சரசா."

"அப்போ இருக்கேன்," என்றாள் சரசா.