பச்சைப் பிடி போட்ட கத்தி

கடைசியாகக் குளிப்பாட்டுவதற்காகப் பத்மினி அம்மாவின் இடுப்பிலிருந்து சுருக்குப்பையை அவிழ்த்தபோது, வெற்றிலைக் காம்போடு மடக்குக் கத்தியும் நழுவி விழுந்தது. விழுந்த இடத்தில் கிடந்திருக்கலாம். மறைப்புக்குக் கட்டியிருந்த புடவைக்கு அடியில் சறுக்கிக்கொண்டு போய், நேராகத் தம்பி ஹரிபாபுவின் மாமியார் காலடியில் நின்றது. சித்தூரிலிருந்து காரில் வந்த அந்த அம்மாள் பாம்பைப் பார்த்தவர்போலக் காலை உள்ளே இழுத்துக்கொண்டார்.

பத்மினி கை ஈரத்தோடு வெளியே வந்து கத்தியை எடுத்தாள். கிளிப்பச்சை பிளாஸ்டிக் பிடி, மடக்கினால் சுண்டுவிரல் நீளம். வாசலிலிருந்து ஹரிபாபு வேகமாக உள்ளே வந்தான். பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலை; மேனேஜரும் வந்து பந்தலில் உட்கார்ந்திருந்தார்.

"அக்கா, அத எட்த்து எங்கியாவது போட்டுடு. மாமியார் ஊட்டாளுங்க பாத்துக்கினு கீறாங்க. இன்னிக்காவது அந்தப் பேரு வேணாம்."

அந்தப் பேர் என்னவென்று யாரும் அவளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஊரில் ஜெயம்மா என்று கூப்பிட்டவர்களைவிடக் கத்திக்காரி என்று சொன்னவர்கள்தான் அதிகம். பத்மினி கத்தியைத் தன் இடுப்பில் செருகிக்கொண்டு மறைப்புக்குள் போனாள். அம்மாவை அந்தப் பேரோடு, ஆனால் தலைகுனியாமல் அனுப்பிவைக்க வேண்டும் என்று மட்டும் தோன்றியது. எப்படி என்றுதான் தெரியவில்லை.

அந்தப் பேர் வந்தது, பெங்களூரில் பெரிய பெரிய கம்பெனிகளுக்குக் கட்டடம் எழும்பத் தொடங்கிய காலத்தில். நைனா செத்து, தனியாளாகிப் போன மறுவருஷமே அம்மா குடுபல்லி ஸ்டேஷனில் விடிகாலை பாசஞ்சரைப் பிடித்து சித்தாள் வேலைக்குப் போக ஆரம்பித்தாள். திரும்பும்போது இருட்டிவிடும். ஸ்டேஷனிலிருந்து காலனி வரைக்கும் ஆளில்லாத பாதை. பங்காரப்பேட்டை சந்தையில் ஒரு பட்டன் கத்தி வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். அமுக்கினால் சரக்கென்று பாயும். ஒருநாள் பிளாட்பாரத்தில் போலீஸ் ஏட்டு சுருக்குப்பையை அவிழ்க்கச் சொன்னபோது அது அகப்பட்டது. கத்தியைப் பிடுங்கிக்கொண்டு சாயங்காலம் வரை பெஞ்சியில் உட்கார வைத்துவிட்டு அனுப்பினார்கள். அவள் வீடு வருவதற்குள் சேதி ஊருக்கு வந்துவிட்டது. ரெட்டி வீட்டு ஆட்கள் கொடுவாளைத் தோளில் போட்டுக்கொண்டு கடைவீதியில் திரிவார்கள், ஒரு நாய்கூடத் திரும்பிப் பார்க்காது. காலனிப் பொம்பளை இடுப்பில் கத்தி என்றதும் ஊரே மூக்கின்மேல் விரலை வைத்தது. பத்மினியைப் பெண் கேட்டிருந்த திருப்பதிக்காரர்கள் யோசித்துச் சொல்கிறோம் என்று ஆள் அனுப்பினார்கள்.

வேறொருத்தியாக இருந்தால் கத்தி என்ற பேச்சையே விட்டிருப்பாள். அம்மா மறுநாள் அதே ஸ்டேஷனுக்குப் போய், அதே ஏட்டு முன்னால் நின்றாள். "அய்யா, பொம்பள எந்தக் கத்தி வச்சிக்கினா தப்பில்ல, சொல்லுங்க" என்று கேட்டாளாம். ஏட்டு முதலில் சிரித்தார். அப்புறம் நிஜமாகவே சொன்னார். பட்டன் வைத்தது கூடாது. நீளமாக இருக்கக் கூடாது. காய் நறுக்குகிற மாதிரி சின்னதாக, நகத்தால் திறக்கிற மாதிரி இருந்தால் யாரும் கேட்கப் போவதில்லை.

அதற்கப்புறம் அம்மா கத்தி தேடியதைப் பார்த்திருக்க வேண்டும். எனக்கு மாப்பிள்ளை பார்த்தபோதுகூட இவ்வளவு அலையவில்லை என்று பத்மினி பின்னால் கேலி செய்வதுண்டு. கறுப்புப் பிடி வேண்டாம், பார்க்கிறவர்களுக்குப் பயம் வரும். மீன் மாதிரி செய்த பித்தளைக் கத்தி அழகுதான், வேர்த்த கையில் நிற்காது. கடைசியில் குப்பம் டவுன் கடையில் இந்தப் பச்சைப் பிடி அகப்பட்டது. "இந்தக் கலரப் பாத்தா எவனுக்கும் சண்ட ஞாபகம் வராது" என்றாள். கூடவே பையில் எப்போதும் ஒரு வெள்ளரிப்பிஞ்சு. கேட்டால் நறுக்கிக் கொடுத்துவிடுவாள். திருப்பதிக்கு வரும்போதெல்லாம் மலையேறுமுன் கத்தியைப் பத்மினியின் அடுப்படியில் வைத்துவிட்டுத்தான் போவாள். கொண்டு போனால் அடிவாரத்து அலிபிரி சோதனையில் பிடுங்குவார்கள், அது அவர்கள் வேலை, தப்பு நம்முடையது என்பாள். திருப்பதிக்காரர்கள் யோசித்து முடித்துச் சம்மதம் சொல்ல வந்தபோது, சம்பந்தி அம்மாளுக்கு முதன்முதலில் மாங்காய் நறுக்கிக் கொடுத்ததும் இதே கத்தியால்தான்.

பையன் சம்பாதிக்க ஆரம்பித்த பிறகும் அவள் வேலையை விடவில்லை. முந்தின நாள் ரயிலிறங்கி வந்து, மார் அடைக்கிறது என்று உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை.

பாடை கட்டி முடித்த நேரத்தில், ஸ்டேஷன் பக்கமிருந்து பெண்கள் வந்தார்கள். அம்மாவோடு காலை ரயிலில் வேலைக்குப் போகிறவர்கள். நாலைந்து ஊர்களைச் சேர்ந்தவர்கள், அன்றைய கூலியை விட்டுவிட்டு வந்திருந்தார்கள். முன்னால் வந்த சென்னம்மாவைப் பத்மினிக்குத் தெரியும், பேசியதில்லை. அவள் அம்மாவின் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் பத்மினியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"என் முந்தான சிமெண்ட் கலவ மிஷின்ல மாட்டிக்கிச்சி. இழுத்துக்கினு போவுது. சுத்தி இருக்கிறவங்க எல்லாம் கூச்சல் போட்றாங்க. உங்கம்மா வாயத் தொறக்கல, அறுத்துச்சி. உங்ககிட்ட சொல்லலியா?"

சொல்லவில்லை. வெள்ளரிப்பிஞ்சு நறுக்கியதையெல்லாம் சொன்ன அம்மா இதைச் சொல்லவில்லை. பத்மினிக்கு அழுகைக்கு முன்னால் பெருமைதான் வந்தது. அது நெஞ்சு கொள்ளாமல் வந்தது. திரும்பிப் பார்த்தாள். ஹரிபாபு ஈர வேட்டியோடு தீச்சட்டியைக் கையில் வாங்கிக்கொண்டிருந்தான். அவன் காதிலும் விழுந்திருக்க வேண்டும். தலையைத் தூக்கவில்லை.

சுடுகாட்டுக்குப் பாதி வழியில், புளியமரத்தடியில் பாடையை இறக்கினார்கள். செத்தவர் காதில் மூன்று முறை கூப்பிடுகிற இடம் அது. பெண்கள் அதற்குமேல் போகக் கூடாது. ஹரிபாபு மண்டியிட்டு மூன்று முறை அம்மா என்று கூப்பிட்டான். அடுத்தது கால் கட்டு. பெண்கள் பார்த்திருக்கும்போதே கட்டைவிரல்களின் முடிச்சை அவிழ்த்துவிடுவது அந்த ஊர் வழக்கம். யாரோ அவசரத்தில் துணிக்குப் பதில் நைலான் கயிற்றைக் கட்டியிருந்தார்கள். முடிச்சு நனைந்து இறுகிப் போயிருந்தது. ஹரிபாபு நகத்தால் நெம்பிப் பார்த்தான், பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்துப் பார்த்தான். அம்மாவின் விரல்கள்தான் அசைந்தன.

"யார்கிட்டனா பிளேடு கீதா?"

ஆம்பிளைகள் சட்டைப் பையைத் தடவினார்கள். செல்போன் இருந்தது. மேனேஜர் கார் சாவியை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடியும் உள்ளே போட்டுக்கொண்டார்.

பெண்கள் கூட்டத்தில் கைகள் இடுப்புக்குப் போயின. முதலில் சென்னம்மா எடுத்தாள், சிவப்புப் பிடி. பக்கத்தில் ஒருத்தி மஞ்சள். பின்னாலிருந்து நீலம், ஆரஞ்சு, இன்னொரு சிவப்பு. கறுப்பு ஒன்றுகூட இல்லை. எல்லாரும் நகத்தால் திறந்து, அலகைத் தங்கள் பக்கம் வைத்துக்கொண்டு, பிடியை அவனுக்கு நீட்டினார்கள். அம்மா வெள்ளரிப்பிஞ்சோடு யாருக்காவது கத்தியைக் கொடுத்தால் அப்படித்தான் கொடுப்பாள். ஹரிபாபுவின் மாமியார் இந்தத் தடவை காலை இழுத்துக்கொள்ளவில்லை. ஒவ்வொரு கையாகப் பார்த்துக்கொண்டு நின்றார்.

ஹரிபாபு எல்லாக் கைகளையும் பார்த்தான். எதையும் வாங்கவில்லை.

"அக்கா. அம்மாது குடு."

பத்மினி இடுப்பிலிருந்து எடுத்து, பிடியை முன்னால் வைத்துக் கொடுத்தாள். திறப்பதற்கு அவனுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. கயிறு ஒரே இழுப்பில் அறுந்தது. அம்மாவின் கால்கள் மெதுவாக விலகி, ரயிலில் இடம் கிடைத்து உட்கார்ந்தவள் கால்போலத் தளர்ந்தன.

பெண்கள் கத்திகளை மடக்கிச் செருகிக்கொண்டு திரும்பினார்கள். திரும்பிப் பார்க்கக் கூடாது என்பார்கள். பத்மினி பார்த்தாள். ஹரிபாபு தீச்சட்டியை ஏந்திக்கொண்டு முன்னால் போய்க்கொண்டிருந்தான். ஈர வேட்டியின் மடிப்பில், பச்சைப் பிடி வெளியே தெரியும்படிச் செருகியிருந்தது.