மூன்றாவது சக்கரம்

பொறியாளர் வீப்கெவுக்குக் கோபம் வந்தால், ஜெர்மனியின் பிரெமன் நகர அலுவலகத்தில் காபி இயந்திரம்கூட வாயை மூடிக்கொள்ளும். ஹார்ட்முட் மட்டும் மூட மாட்டார். விண்கலத்துக்கே பொறுப்பாளர் அல்லவா!

"படம் பளிங்கு மாதிரி வருது. அப்புறம் என்ன புலம்பல்?" என்றார், மீன் வைத்த ரொட்டியை மென்றபடி.

புலம்பலாம்! மேலே விண்கலத்தில் இருக்கும் தொலைநோக்கியை ஆடாமல் பிடித்திருப்பது அவள் செய்த ஆறு கால்கள். கலத்துக்குள்ளேயே சுழன்று அதைத் திருப்பும் சக்கரங்கள் அதிர அதிர, கால்கள் எதிர்ப்பக்கம் அசைந்து அந்த அதிர்வை அடக்கிவிடும். இப்போது மூன்றாவது சக்கரத்தின் பேரிங் தேய்கிறது. இறுகி நின்றுவிட்டால் கலம் கட்டுப்பாடின்றிச் சுழலும், அத்தோடு எல்லாம் முடிந்தது.

"படத்தைப் பாக்காதீங்க. கால் குடிக்கிற கரண்டைப் பாருங்க, வாரா வாரம் ஏறுது! ஸ்பேர் சக்கரத்துக்கு மாத்துங்க."

"மாத்தினா ஒரு வாரம் படமே கிடையாது. ஆராய்ச்சிக்காரங்க என்னை உயிரோட தின்னுடுவாங்க. உன் கால்தான் எல்லாத்தையும் தாங்குதே, உனக்குப் பெருமைதானே?"

அந்தப் பாராட்டைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது அவள் கட்டிய கால்களே. அவை நன்றாக உழைக்க உழைக்க, இந்த மனிதருக்கு ஒன்றும் உறைக்கப்போவதில்லை.

மதியம் கலத்தோடு தொடர்பு கிடைத்ததும், யாரையும் கேட்காமல் ஆறு கால்களையும் நிறுத்தினாள்.

அடுத்து வந்த படத்தில் நட்சத்திரங்கள் கோடு கோடாக இழுபட்டிருந்தன. எல்லாத் தொலைபேசிகளும் அலறின. ஹார்ட்முட் மூச்சிரைக்க ஓடி வந்தார்.

"என்ன பண்ணித் தொலைச்சே? உடனே போடு!"

"போட மாட்டேன். நல்லாப் பாருங்க, இதுதான் உங்க சக்கரம். இவ்வளவு நாளா நான்தான் மூடி வெச்சிருந்தேன்."

"வேலை போயிடும், தெரியும்ல?"

"போகட்டும். முதல்ல அந்தச் சக்கரத்தை நிறுத்துங்க!"

அவர் திரையைப் பார்த்தார். முகம் கழுத்துவரை சிவந்தது. பிறகு கட்டுப்பாட்டு அறையை அழைத்து, "மூணாவது சக்கரத்தோட வேகத்தை இறக்கி நிறுத்துங்க. ஸ்பேருக்கு மாறுங்க" என்றார். அவள் பக்கம் திரும்பாமலே, "உன் அடையாள அட்டையை வெச்சுட்டுப் போ" என்றார்.

சக்கரத்தின் வேகம் இறங்கி இறங்கி நிற்கும்வரை அவள் நகரவில்லை. நின்ற பிறகு கால்களை மறுபடி இயக்கினாள். அப்புறம்தான் அட்டையைக் கழற்றி மேசைமேல் வீசினாள். அது வழுக்கிக்கொண்டுபோய் அவர் காலடியில் விழுந்தது.

"எடுத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டுக் கதவைத் திறந்தாள்.