உடம்பு தானே ஆறிக்கும்

நல்லசாமி அடிக்கிறவன். இதைச் சுற்றி வளைத்துச் சொல்வானேன்? ஆக்லாந்தின் எல்லர்ஸ்லியில் டை கட்டிய ஆபீஸர், வெள்ளிக்கிழமை பஜனையில் முதல் பாட்டு அவனுடையது, எல்லாம் சரிதான். மவுண்ட் ரோஸ்கில் வீட்டுக் கதவைச் சாத்தியதும் கை நீளும். சொந்த ஊரான கிள்ளானிலிருந்து இங்கே குடிபெயர்ந்தபோது பெட்டியில் அம்மி வரவில்லை, ஆட்டுக்கல் வரவில்லை. பிள்ளை வளர்க்க வேண்டுமென்று ரோத்தான் பிரம்பு மட்டும் பத்திரமாக வந்து சேர்ந்தது. பிள்ளையைவிட மனைவி பாக்யலட்சுமியின் முதுகைத்தான் அது அதிகம் பார்த்தது.

பஜனைக்கு வரும் பெண்களுக்கு விஷயம் தெரியாமல் இல்லை. அடிக்கிற கைதான் அணைக்கும் என்று ஒருத்தி ஆறுதல் சொன்னாள். அணைத்ததை யார் பார்த்தது? மகள் சுரேகா பிறந்ததிலிருந்து கூடவே இருக்கிறாள், அடித்ததைத்தான் பார்த்திருக்கிறாள்.

சுரேகாவுக்கு ஆக்லாந்தில் மருத்துவம் படிக்க இடம் கிடைக்கவில்லை. தொண்ணூற்றைந்தில் அமெரிக்காவின் ஆஸ்டியோபதி மருத்துவக் கல்லூரி ஒன்றுக்கு விண்ணப்பித்தாள். அங்கே படித்தவர்கள் மற்ற டாக்டர்களைப் போல மருந்தும் எழுதலாம், அறுவையும் செய்யலாம். கூடவே எலும்பையும் தசையையும் கையால் தொட்டே நோயறியும் வித்தையும் கற்றுத் தருவார்கள். ஆனால் சேர்வதற்கு முன்பே அந்த மருத்துவத்தின் சரித்திரத்தையும் தத்துவத்தையும் தெரிந்துவைத்திருக்க வேண்டும், நேர்முகத்தில் துருவித் துருவிக் கேட்பார்கள். அம்மாவுக்கு மட்டும் விஷயம் தெரியும். அப்பாவிடம் மெடிக்கல் என்று மட்டும் சொல்லி வைத்திருந்தார்கள்.

படித்ததையெல்லாம் சுரேகா சமையலறையில் அம்மாவிடம் கதையாகச் சொன்னாள். நூறு வருஷத்துக்கும் முன்னால் ஸ்டில் என்று ஒரு டாக்டர். மூளைக்காய்ச்சலுக்குத் தன் மூன்று பிள்ளைகளை வாரிக் கொடுத்தவர். அன்றைய மருந்துகளின் மேல் நம்பிக்கை செத்துப்போய், எலும்புகளைக் கையில் வைத்துக்கொண்டு உடம்பை முதலிலிருந்து படித்தவர். போலி வைத்தியன் என்று பழித்தார்கள்.

"மூணு பிள்ளையுமா?" என்று பாக்யலட்சுமி வெங்காயம் நறுக்குவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள். முன்பின் தெரியாத வெள்ளைக்காரருக்காக அவள் கண் கலங்கியது.

சரித்திரத்தை முழுசாகச் சொன்னவள் தத்துவத்தில் பாதியை விட்டுவிட்டாள். உடம்பு தன்னைத் தானே ஆற்றிக்கொள்ளும் என்றாள். வழியை அடைத்துக்கொண்டு கிடப்பதை முதலில் எடுக்க வேண்டும், எடுத்தால்தான் ஆறும் என்பதைச் சொல்லவில்லை. அன்று அம்மாவின் தோளில் ரோத்தான் தடம் கன்றிக் கிடந்தது, ஏதாவது ஆறுதலாகச் சொன்னால் போதுமென்று இருந்தது.

பாக்யலட்சுமி அந்தப் பாதியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். அதற்குப் பிறகு டாக்டரிடம் போவதையே நிறுத்திவிட்டாள். கோடாலித் தைலத்தைத் தேய்த்துக்கொண்டு, தானே ஆறிக்கும் என்பாள். ஒருநாள் சுரேகா பழகிப் பார்ப்பதற்காக அவளைக் கட்டிலில் படுக்கவைத்து விலா எலும்புகளைத் தடவினாள். மூச்சு இழுத்தால் விலா எழும்ப வேண்டும். இடப்பக்கம் சரியாக எழும்பவில்லை. எலும்புகள் முடிச்சு முடிச்சாகக் கோணிச் சேர்ந்திருந்தன. அதெல்லாம் பழசு, தானே ஆறிவிட்டது பார் என்றாள் அம்மா, என்னவோ பரிசு வாங்கியவள் மாதிரி.

சுரேகா கையை எடுத்துக்கொண்டாள். அப்போதாவது மீதியைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் இந்த மனுஷனிடம் அம்மாவை விட்டுவிட்டு எப்படி விமானம் ஏறுவது? அந்தப் பயத்தில் வாயை மூடிக்கொண்டாள்.

நேர்முகம் தொலைபேசியில்தான். அங்கே வெள்ளி மதியம், இங்கே சனிக்கிழமை காலை. சனிக்கிழமை காலையில் நல்லசாமி மார்க்கெட்டுக்குப் போய்விடுவான். அன்று பாழாய்ப்போன மழை, போகவில்லை. பசியாறிக்கொண்டே எந்த காலேஜ், என்ன படிப்பு என்று குடைந்தான். பாக்யலட்சுமி பயத்தில் உளறிவிட்டாள்.

"சுளுக்கு வழிக்கிற படிப்புக்கா அமெரிக்கா? ஆத்தாளும் மகளும் சேர்ந்து என்னை முட்டாளாக்குறீங்களா?"

ரோத்தானைத் தேடக்கூட அவனுக்குப் பொறுமையில்லை. டீ கோப்பை அவள் நெற்றியில் உடைந்தது. கொண்டையைப் பிடித்து இழுத்து அடுப்பு விளிம்பில் மோதினான். விழுந்தவளை விலாவில் உதைத்தான். அதே இடப்பக்கம். காய்ந்த குச்சி ஒடிகிற மாதிரி சத்தம் கேட்டது. குறுக்கே பாய்ந்த சுரேகாவின் வாயில் அவன் முழங்கை இடித்தது. உதடு கிழிந்து வாயெல்லாம் ரத்தம்.

அப்போது போன் அடித்தது.

நல்லசாமி சட்டென்று நின்றான். வெளியாள் காதில் விழுமென்றால் நிற்கத் தெரிந்தவன்தான். சுரேகா எடுத்தாள். கல்லூரியின் பேராசிரியை அன்பாக விசாரித்துவிட்டு, ஆஸ்டியோபதியின் தத்துவத்தை உன் சொந்த வார்த்தையில் சொல் பார்க்கலாம் என்றாள்.

தரையில் கிடந்த அம்மா கையை அசைத்தாள். கடைவாயில் ரத்தம் நுரைத்திருந்தது.

"போன வைக்காதடி. பதில் சொல்லு. எனக்கு தானே ஆறிக்கும். நீதானே சொன்ன."

வீட்டில் இருந்தது ஒரே லைன். அம்மா மூச்சு இழுத்தாள். இடப்பக்க நெஞ்சு மேலே எழும்பாமல் உள்ளே போனது. சுரேகாவுக்குத் தன் மேலேயே வெறுப்பு பொங்கியது.

"நான் பாதிதாம்மா சொன்னேன்" என்றாள். என் அம்மா செத்துக்கொண்டிருக்கிறாள், எனக்கு இந்த லைன் வேண்டும் என்று பேராசிரியையிடம் ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு வைத்தாள். மறுபடி எடுத்து அவசர உதவிக்கு ஒன்று, ஒன்று, ஒன்று அழுத்தினாள்.

வெளியாள் போனதும் நல்லசாமிக்கு வீரம் திரும்பியது. ரிசீவரைப் பிடுங்க வந்தான். அவள் அதாலேயே அவன் மூக்கில் அடித்தாள். எலும்பு நொறுங்கியது அவள் கைக்குத் தெரிந்தது. மறுபடி அடித்தாள். போதுமென்று தோன்றவில்லை, இன்னும் அடித்தாள். முகத்தைப் பொத்திக்கொண்டு அவன் மேசைக்கடியில் சுருண்டான். பிசுபிசுத்த ரிசீவரைக் காதில் வைத்து, ஆம்புலன்ஸ் வேண்டும், போலீசும் வேண்டும் என்று விலாசத்தைத் தெளிவாகச் சொன்னாள்.

போலீஸ்காரர் பாக்யலட்சுமியின் பக்கத்தில் மண்டியிட்டு என்ன நடந்தது என்று கேட்டார். இந்தக் கேள்விக்கு அவளிடம் பழகிய பதில் ஒன்று உண்டு: பாத்ரூமில் வழுக்கி விழுந்துவிட்டேன். அவள் அதைச் சொல்லவில்லை. மகளைப் பார்த்தாள்.

"மீதிப் பாதி என்னடி?"

சுரேகா காதருகே குனிந்தாள். "அடைச்சுக்கிட்டுக் கிடக்கிறத எடுத்தாத்தான் ஆறும்மா."

பாக்யலட்சுமி கண்ணை மூடி அதைக் கேட்டுக்கொண்டாள். பிறகு கையைத் தூக்கி மேசைக்கடியைக் காட்டினாள்.

"மை ஹஸ்பண்ட்" என்றாள் போலீஸ்காரரிடம். "டேக் ஹிம்."

ஸ்டிரெச்சரை வெளியே கொண்டுபோகும்போது உள்ளே போன் மறுபடி அடித்தது. எடு, எடு என்று அம்மா கண்ணால் கெஞ்சினாள். சுரேகா அம்மாவின் இடப்பக்க விலாவைக் கையால் தாங்கிக்கொண்டே ஆம்புலன்ஸில் ஏறினாள்.