ஏழாவது கல்

“தலைகீழாத் தொங்கினது நான்டி, நான்! என் தலையைத்தான் கல்லுல—”

“உன் தலையை யார் தொட்டா? ஜெஸ்ஸி போகாக் பிடிச்சது என் கணுக்காலை—”

“கவுன் போட்ட பிள்ளையை யாராவது தலைகீழாத் தூக்குவாங்களா? அதுவும் பாதிரியாருக்கு முன்னாடி?”

“அன்னிக்கு நான் உன் பழைய கால்சட்டையைப் போட்டிருந்தேன். அம்மா என் கவுனைத் தோச்சுக் காயப் போட்டிருந்தா.”

“ஞாயித்துக்கிழமையிலயா!” என் அண்ணன் வில்ஃப்ரெட் மேசையைத் தட்டினான். “கேட்டீங்களா மிஸஸ் பெட்ச்? எங்க அம்மா ஞாயித்துக்கிழமை துணி தோச்சாளாம். இதைக் கேட்டா குழியிலேருந்து எந்திரிச்சு வந்து இவளை அறைவா.”

எங்கள் அம்மா திங்கட்கிழமை தவிர வேறு நாளில் ஒரு கைக்குட்டையைக்கூட நனைத்தவள் அல்ல. ஆனால் அந்தக் கால்சட்டையின் முரட்டுத் துணி தொடையில் உரசியது எனக்கு இப்போதும் தெரிகிறது. இரண்டும் எப்படி ஒன்றாக இருக்க முடியும்?

ஊர் மண்டபத்தில் மூன்று பேர்தான் இருந்தோம். மிஸஸ் பெட்ச் எங்கள் ஹெம்பர்னின் வரலாற்றுக் குழுச் செயலாளர். இங்கே குடிவந்து முப்பத்தொரு வருடம் ஆகிறது. ஊரில் இன்னும் ‘புதுசா வந்தவங்க’ என்றுதான் பெயர். பென்சிலைக் காதில் செருகியிருந்தார்.

“எனக்கு ரெண்டே விஷயம் தெரிஞ்சா போதும்,” என்றார். “ஏழாவது கல் எங்க நின்னுது? அதுல கடைசியா முட்டுப்பட்ட பிள்ளை யாரு? கல் செதுக்கறவர் வெள்ளிக்கிழமை வரார். பேரைக் கேட்டு ரெண்டு தடவை போன் பண்ணிட்டார்.”

ஹெம்பர்னின் எல்லையில் ஏழு கற்கள். ஈஸ்டர் கழிந்து ஐந்தாவது ஞாயிறு, பாதிரியார் முன்னால் போக, ஊரே எல்லையைச் சுற்றி நடக்கும். தோலுரித்த வில்லோ மரக் குச்சிகளால் ஒவ்வொரு கல்லையும் அடிப்போம். ஒவ்வொரு கல்லிலும் ஒரு பிள்ளையைக் காலைப் பிடித்துத் தூக்கி, உச்சந்தலையைக் கல்லில் மூன்று முறை முட்டுவார்கள். எல்லை எங்கே என்று அந்தப் பிள்ளை சாகும்வரை மறக்கக் கூடாது, அதற்காக. முடிந்ததும் திராட்சை போட்ட பன் ஒன்று கிடைக்கும். எழுபது வருடத்துக்கு முன், ராணிக்கு முடிசூட்டிய வருடத்தோடு அது நின்றுபோனது. அடுத்து வந்த பாதிரியாருக்கு அது காட்டுமிராண்டித்தனமாகப் பட்டது.

ஆறு கற்கள் இன்னும் நிற்கின்றன. ஏழாவதை எவனோ டிராக்டர் கட்டி இழுத்துவிட்டான். இப்போது அதே இடத்தில் புதுக் கல் நடப்போகிறார்கள். அதில் கடைசிப் பிள்ளையின் பெயரைப் பொறிப்பார்கள். அன்று கூட நடந்தவர்களில் நானும் வில்ஃபும்தான் மிச்சம். மற்ற எல்லோரும் கோயில் கல்லறைத் தோட்டத்தில் வரிசையாகப் படுத்திருக்கிறார்கள்.

“மேட்டுல, மரப்படி வச்சு வேலியைத் தாண்டுவோமே, அதுக்குப் பக்கத்துல,” என்றான் வில்ஃப்.

“கீழ, ஓடைக்கரையில,” என்றேன் நான். “பெரிய வில்லோ மரத்தடி.”

“பேரு?”

“வில்ஃப்ரெட் ஹிஸ்காக்.”

“தெல்மா ஹிஸ்காக்.”

மிஸஸ் பெட்ச் பென்சிலைக் காதிலிருந்து எடுத்தார், பார்த்தார், மறுபடி செருகிக்கொண்டார்.

“இங்க பாருங்க,” வில்ஃப் தொப்பியைக் கழற்றி, முடி வளராத அந்தக் கோணல் தழும்பைக் காட்டினான். தலைமயிர் நரைத்த பிறகு அது இன்னும் தெளிவாகத் தெரிகிறது. “இதுக்கு மேல என்ன அத்தாட்சி வேணும்? ரத்தம் கொட்டுச்சு. அம்மா ஏப்ரனை வச்சு அழுத்தினா. இன்னும் அந்த ஸ்டார்ச் வாசனை எனக்கு மூக்குல இருக்கு.”

“உங்களுக்கு என்ன ஞாபகம் இருக்கு மிஸ் ஹிஸ்காக்?” என்று மிஸஸ் பெட்ச் என் பக்கம் திரும்பினார்.

என்ன ஞாபகமா? எனக்கு எழுபத்தேழு வயது. அந்த ஒரு நிமிடத்தைப் போல வேறு எதுவும் அத்தனை முழுசாக என்னிடம் இல்லை. வெட்டியான் ஜெஸ்ஸி போகாக்கின் பூட்ஸ். ஒரு பூட்ஸில் நாடா, மற்றதில் சிவப்புக் கயிறு. வாய்க்குள் தொங்கும் பல்லைப் போலத் தலைகீழாகத் தொங்கிய கோயில் கோபுரம். அதற்கு வலது பக்கத்தில், கல்லறைகளுக்கு நடுவே நிற்கும் கரிய யூ மரம். எல்லாவற்றையும் சொன்னேன்.

வில்ஃப் சிரித்தான். அடக்கிப் பார்த்தும் முடியாத சிரிப்பு.

“வலது பக்கமா? யூ மரமா? தெல், நம்ம பக்கத்துலேருந்து எங்க நின்னு பாத்தாலும் அந்த மரம் கோபுரத்துக்கு இடது பக்கம்டி! ஆயிரம் வருஷமா இடது பக்கம்தான் நிக்குது. நீ பொறந்ததுலேருந்து இங்கதானே இருக்க?”

ஜன்னலைப் பார்த்தேன். அங்கிருந்து கோபுரம் தெரியாது. மனதுக்குள் பார்த்தேன். இடது பக்கம். ஆமாம், இடதுதான், ஞாயிறுதோறும் நடந்து போகும் வழியில் பார்ப்பதுதானே. ஆனால் அந்த ஒரு நிமிடத்தில் மட்டும் மரம் வலது பக்கம் நின்றது.

“அவளைச் சொல்லிக் குத்தமில்ல,” என்று வில்ஃப் மிஸஸ் பெட்ச்சிடம் குரலைத் தாழ்த்தினான். எனக்குச் செவிடு என்று நினைப்பவனைப் போல. எனக்குக் காது நன்றாகக் கேட்கும். “போன மாசம் டாக்டர் மூணு வார்த்தை சொல்லி, அஞ்சு நிமிஷம் கழிச்சுத் திருப்பிச் சொல்லச் சொன்னார். ரெண்டுதான் வந்துது.”

“மூணாவது கார்ல வந்துது! ‘கம்பளி’ன்னு உன்கிட்டச் சொன்னேன்ல!”

“ரவுண்டானாவைத் தாண்டினப்புறம் சொன்ன.”

அப்புறம் அவன் முகம் மாறியது. சொல்லியிருக்கக் கூடாது என்று தெரிந்துவிட்டது. தொப்பியை உருட்டிக்கொண்டே இருந்தான். வியாழக்கிழமை எனக்கு மறுபடி ஞாபகப் பரிசோதனை. கடிகாரம் வரையச் சொல்வார்களாம். அதற்கெல்லாம் நான் பயப்படவில்லை. எனக்குப் பயம் இதில்தான்: வில்ஃப் சிறுவயதில் பக்கத்துக் கட்டிலில் படுத்துக்கொண்டு சொன்ன கதையை, நான் எழுபது வருடமாக என்னுடையதென்று வைத்துக்கொண்டிருக்கிறேனா? அப்படியானால் என்னுடையது என்று வேறு என்ன இருக்கிறது? எதைத் தொட்டாலும் அடியில் வேறொருவர் பெயர் இருக்குமா?

“வா, கார்ல ஏறு,” என்றான் வில்ஃப். “ரெண்டு இடத்தையும் போய்ப் பாத்துடலாம். ஓடைக்கரையிலேருந்து கோபுரம் தெரிஞ்சா உன் பேரையே போட்டுக்கட்டும். நான் வாயைத் திறக்க மாட்டேன்.”

“நீயாவது வாயைத் திறக்காம இருக்கறதாவது.”

“வா சொல்றேன்.”

ஓடைக்கரையில் வில்லோ மரம் இருந்தது. தண்ணீரும் இருந்தது. கோபுரம் இல்லை. எதிரே, வில்ஃப் சொன்ன பவுண்ட் மேடு முதுகைத் திருப்பிக்கொண்டு படுத்த மாட்டைப் போல வழியை அடைத்துக்கொண்டிருந்தது.

“மரங்க வளந்திருக்குமோ?” என்றார் மிஸஸ் பெட்ச், எனக்காக.

“மரம் வளரும், மேடு வளருமா?” என்றான் வில்ஃப். ஆனால் ஜெயித்தவன் குரலில் சொல்லவில்லை. என் முழங்கையைப் பிடித்துக்கொண்டான். “பன்னு இங்கதான் தின்னோம், தெல். அது ஞாபகம் இருக்கு எனக்கு. எல்லாரும் கீழ வந்து, இந்த மரத்தடியில. ஒருவேளை நீ அதை இதோட—”

“நீ சும்மா இரு.”

மேட்டுக்கு ஏற எங்களுக்குக் கால் மணி நேரம் ஆனது. மரப்படிக்கு அருகில் வந்து திரும்பினோம். பள்ளத்தாக்குக்கு அந்தப்புறம் கோபுரம் முழுசாக நின்றது, உச்சியில் காற்றுத் திசை காட்டும் சேவலோடு. அதற்கு இடது பக்கத்தில் யூ மரம்.

“இடம் நான் சொன்னதுதான்,” என்றான் வில்ஃப். மூச்சு வாங்கியது அவனுக்கு. “எழுதிக்குங்க மிஸஸ் பெட்ச்.”

மிஸஸ் பெட்ச் எழுதினார். எழுதியபின் தலையை நிமிர்த்தாமலே கேட்டார்: “சரி மிஸ்டர் ஹிஸ்காக், தலைகீழாத் தொங்கினப்ப நீங்க என்ன பாத்தீங்க?”

“நானா? பாத்தேன்... பூட்ஸைப் பாத்தேன்.”

“யாரோட பூட்ஸ்?”

“ஜெஸ்ஸியோடதுதான். ஒண்ணுல சிவப்புக் கயிறு.”

“அது நான் சொன்னது!” என்றேன்.

“நீ சொன்னதா? நான்தான்டி உனக்குச் சொன்னேன். ராத்திரியெல்லாம் தூங்காம கேப்பியே.”

“அப்போ நான் உனக்குச் சொன்னேனா, நீ எனக்குச் சொன்னியா?”

யார் கட்டிலிலிருந்து யார் கட்டிலுக்கு அந்தக் கதை போனது? இருட்டில் இரண்டு குரல்கள் இருந்தன, அவ்வளவுதான் தெரிகிறது.

நான் கைத்தடியை வேலியில் சாத்தினேன். கோபுரத்துக்கு முதுகைக் காட்டி நின்றேன். கால்களை அகட்டினேன்.

“தெல், என்ன பண்றே?”

“பிடிச்சுக்கோ.”

“பைத்தியமா உனக்கு? இடுப்பு உடைஞ்சா—”

“கோட்டைப் பிடிச்சுக்கோன்னா பிடிச்சுக்கோயேன்!”

அவன் என் கோட்டின் பெல்ட்டை இரண்டு கையாலும் பிடித்தான். மிஸஸ் பெட்ச் ஓடிவந்து தோளைத் தாங்கினார். நான் குனிந்து, என் கால்களுக்கு நடுவே பார்த்தேன். ரத்தம் முகத்துக்கு இறங்கியது. முதலில் புல். அப்புறம் வில்ஃபின் காலணி. அப்புறம், வானத்துக்குள் தொங்கிக்கொண்டு, அந்தப் பல். கோபுரம்.

அதன் வலது பக்கத்தில் யூ மரம்.

“வலது பக்கம்,” என்றேன். குரல் மூக்கு வழியாக வந்தது. “வில்ஃப், மரம் வலது பக்கம் இருக்கு.”

“தூக்குங்க அவளை, மொதல்ல தூக்குங்க!”

நிமிர்த்தினார்கள். தலை சுற்றியது. மரம் ஒன்றும் நடக்காததுபோல இடது பக்கத்தில் போய் நின்றுகொண்டது.

மிஸஸ் பெட்ச் குறிப்பேட்டை என்னிடம் கொடுத்துவிட்டுத் தானே குனிந்து பார்த்தார். நிமிர்ந்தபோது அவர் கண்ணாடி நெற்றியில் இருந்தது. “ஆமா,” என்றார். “தலைகீழாப் பாத்தா மாறிடுது. நேரா நின்னு பாத்தவங்களுக்கு அது தெரிய வாய்ப்பே இல்ல.”

“சின்ன வயசுல விளையாட்டுக்குக் குனிஞ்சு பாத்திருப்பா,” என்றான் வில்ஃப். “பிள்ளைங்க செய்யறதுதானே.”

“இருக்கலாம்,” என்றேன். எனக்கே அது இருக்கலாம் என்றுதான் பட்டது. ஆனால் குனிந்ததோடு இன்னொன்றும் வந்திருந்தது. இத்தனை நாள் வராதது. கல்லின் சில்லிப்பு இல்லை. உச்சந்தலையில் துணி. பன்றிக்கொழுப்பும் மண்ணெண்ணெயும் கலந்த நாற்றம்.

“வில்ஃப், ஜெஸ்ஸி அவர் தொப்பியைக் கழட்டிக் கல்லுமேல வச்சார். பிள்ளைக்கு வலிக்கக் கூடாதுன்னு. மூணு முட்டும் தொப்பிமேலதான். அந்தத் தொப்பி என்னமா நாறிச்சு தெரியுமா.”

“தொப்பியா?”

“உனக்கு அது ஞாபகம் இல்லையா?”

அவன் கை தானாக மேலே போய்த் தழும்பைத் தடவியது.

“தொப்பி வச்சிருந்தா ரத்தம் எப்படி வரும்?” என்றான். என்னைக் கேட்கவில்லை. கல் நின்றிருக்க வேண்டிய புல்லைக் கேட்டான்.

“மிஸ்டர் ஹிஸ்காக், நான் என்ன எழுத?” மிஸஸ் பெட்ச் குறிப்பேட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டார். “இடம் நீங்க சொன்னது. பேரு... தங்கச்சியோடதா?”

“எழுதுங்க,” என்றான். “இல்ல, இருங்க. எழுதுங்க.”

அவர் எழுதினார். நான் ஜெயித்துவிட்டேன் என்று மெல்லத் தெரிந்தது. ஜெயித்தது போல இல்லை. கணுக்காலில் ஜெஸ்ஸியின் விரல்கள், பாதிரியாரின் கறுப்பு அங்கி, வேலிமேல் உட்கார்ந்து காலாட்டிய பிள்ளைகள். அவர்களை ஒவ்வொருவராக எண்ணிப் பார்த்தேன். போகாக் வீட்டு இரட்டையர். மூக்கு ஒழுகும் மில்லர் பையன். ஆகி ஒயிட்டிங். மறுபடி முதலிலிருந்து எண்ணினேன். அதில் எங்கள் வில்ஃப் இல்லை.

வில்ஃப் மரப்படியில் உட்கார்ந்துவிட்டான். தொப்பி முழங்காலில் கிடந்தது. அவனுக்கு வயது எண்பத்தொன்று. எனக்கு டாக்டரிடம் நாள் குறிப்பவன், மாத்திரை டப்பாவில் கிழமை எழுதி வைப்பவன், நான் மறந்ததையெல்லாம் எனக்குச் சொல்பவன். இப்போது பதினொரு வயதுப் பையனைப் போல என்னை நிமிர்ந்து பார்த்தான்.

“தெல்,” என்றான், “அப்போ அன்னிக்கு நான் எங்கடி இருந்தேன்?”