சஹனுக்கு எத்தனை பேர்?

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். முதலில் சொல்லிவிட்டுப் பிறகு யோசிப்பதுதான் என் வழக்கம். யோசித்துவிட்டுச் சொல்கிறவளாக இருந்திருந்தால் எங்கள் கணித முகாம் நடந்தே இருக்காது.

பெயர் அஸீபா. சிலாவத்துறையில் பத்தாம் தரத்துக்குக் கணிதம் படிப்பிக்கிறேன். ஆகஸ்ட் விடுமுறையில் பெண் பிள்ளைகளுக்கு மட்டும் ஐந்து நாள் முகாம் ஒன்றுக்கு ஏற்பாடு செய்திருந்தேன். புதிர் போடுவது, வெட்டி ஒட்டுவது, நடந்து பார்ப்பது, அதிலிருந்து கணக்குக்குப் போவது என்று திட்டம். எங்கள் பிள்ளைகள் பதினெட்டுப் பேர். இலுப்பைக்கடவையிலிருந்து வான் வண்டியில் வருகிறவர்கள் பதினேழு பேர்.

பிரதி அதிபர் ஜவாஹிர் சேருக்கு இது பிடிக்கவே இல்லை. நல்ல மனுஷர்தான். ஆனால் பழைய வினாத்தாள்களைச் செய்து முடித்தால் உலகத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்புகிறவர்.

"டீச்சர், இந்த ஐஞ்சு நாளையும் என்னட்டத் தந்தா ஐஞ்சு வருஷப் பேப்பர் செய்து முடிச்சிருவன். நீங்கள் சோடா மூடி வைச்சு விளையாடப் போறீங்கள்."

"விளையாட்டில வாற கணக்கு மறக்காது சேர்" என்றேன். அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பில் எனக்கு ரோசம் ஏறிவிட்டது.

திங்கட்கிழமை காலை பாடசாலை மண்டபத்துக்குள் போனால், வானில் வந்த பிள்ளைகள் ஒரு சுவரோரம், எங்கள் பிள்ளைகள் மறு சுவரோரம். நடுவில் ஒரு லொறி போகலாம். அதைப் பார்த்ததும் வழக்கம்போல் வாய் முந்திக்கொண்டது.

"பகல் சாப்பாடு சஹனில" என்றேன்.

சஹன் என்பது பெரிய வட்டத் தட்டு. சோற்றை அதில் குவித்து வைத்தால் ஆறு பேர் சுற்றியிருந்து சாப்பிடுவார்கள். கல்யாணமோ கந்தூரி விருந்தோ, எங்கள் பக்கத்தில் சஹனுக்கு ஆறு பேர்தான். பிள்ளைகள் முப்பத்தைந்து, என்னையும் சேர்த்தால் முப்பத்தாறு. ஆறு சஹன், சஹனுக்கு ஆறு பேர். இதைவிட அழகாக எது அமையும்?

"ஐஞ்சு நாளும் சஹனில சாப்பிடப் போறம். ஒருக்கா ஒரு சஹனில சேர்ந்து இருந்த ரெண்டு பேர் திரும்பவும் ஒரு சஹனில இருக்கக் கூடாது. அப்பிடி ஒழுங்கு பண்ணுறதுதான் முதல் புதிர்."

வாசலில் நின்ற ஜவாஹிர் சேர் உடனே பிடித்துக்கொண்டார். "அப்பிடிச் செய்ய ஏலாமப் போனா?"

"எந்த நாள் ஒழுங்கு பிழையாகுதோ, அந்த நாளோட முகாம் முடியும். மிச்ச நாளில நீங்கள் பேப்பர் செய்யலாம். பிழைக்காட்டி அடுத்த வருஷமும் மண்டபம் எனக்கு."

"பேச்சு மாறக் கூடாது டீச்சர்."

"மாற மாட்டன் சேர்."

பகல் சாப்பாட்டுக்குள் ஐந்து நாளுக்கும் ஒழுங்கு கண்டுபிடிக்க வேண்டும். பிள்ளைகள் சோடா மூடிகளுக்கு நிறம் பூசிப் பெயர் எழுதினார்கள். எனக்கும் ஒரு மூடி. தரையில் ஆறுக்கு ஆறு கட்டம் கீறி மூடிகளை அடுக்கினோம். குறுக்கு வரிசையில் இருக்கிற ஆறு பேரும் முதல் நாள் ஒரு சஹன். நெடுக்கு வரிசை இரண்டாம் நாள். சாய்வாக எடுத்தால் மூன்றாம் நாள். ஒரு மணித்தியாலம் ஆவதற்குள் மூன்று நாள் முடிந்துவிட்டது. நான் காற்றில் மிதந்தேன்.

நான்காம் நாள் வரவில்லை.

எப்படி மாற்றினாலும் யாரோ இரண்டு பேர் வந்து முட்டிக்கொண்டார்கள். இந்தப் பக்கம் சரி செய்தால் அந்தப் பக்கம் பிழைத்தது. "இன்னும் கொஞ்சம் பாருங்கோ, வரும்" என்றேன். பிறகு கொஞ்சம் சத்தமாகச் சொன்னேன். பிறகு என் தலையைப் பிய்த்துக்கொண்டேன். ஆறுக்கு ஆறில் மூன்று நாளுக்கு மேல் தலைகீழாக நின்றாலும் முடியாது என்று நூறு வருஷத்துக்கு முன்பே நிரூபித்து வைத்திருக்கிறார்கள். அது அன்றிரவு போனில் தேடியபோதுதான் எனக்குத் தெரிந்தது. காலையில் எனக்குத் தெரிந்ததெல்லாம், பின்கட்டில் சமையலுக்கு வந்த மரியம் ராத்தா சோற்றுக்கு உலை வைத்துவிட்டார் என்பதும், ஜவாஹிர் சேர் பேப்பர் கட்டோடு கதிரையில் வந்து உட்கார்ந்துவிட்டார் என்பதும்தான்.

அப்போது வானில் வந்த வேணுஜா எழும்பினாள். காலையிலிருந்து கேள்வியாகவே கேட்டுக்கொண்டிருந்த பிள்ளை.

"டீச்சர், சஹனில ஏன் ஆறு பேர்?"

"ஆறு பேர்தான் புள்ள."

"அதுதான், ஏன்?"

பதிலுக்கு வாய் திறந்தேன். எங்கள் வகுப்பு வாயாடி ஸம்ஸியா என்னைக் காப்பாற்றப் பாய்ந்து வந்தாள். "ஆறு பேர் இருந்தாத்தான் சஹன்! ஐஞ்சு பேர் இருந்தா, ஆரோ வரேல்ல எண்டு பாத்துக்கொண்டிருப்பம்!"

"சட்டம் ஒண்டும் இல்லைத்தானே?" என்றாள் வேணுஜா.

சட்டம் ஒன்றும் இல்லை. நாற்பது வருஷமாகச் சஹனில் சாப்பிடுகிறேன், கணிதமும் படிப்பிக்கிறேன். இந்தக் கேள்வியை ஒருநாளும் கேட்டதில்லை. வெட்கமாக இருந்தது. அதைவிடச் சந்தோஷம் பெரிதாக இருந்தது.

"ஐஞ்சு பேர் எண்டா எத்தின சஹன் வேணும்?" என்று கேட்டேன்.

"ஏழு" என்றாள் ஸம்ஸியா உடனே. பிறகு என்னைப் பார்த்து இழுத்தாள். "ஆனா… ஏழைஞ்சு முப்பத்தைஞ்சு. உங்களுக்கு இடமில்ல டீச்சர்."

என் மூடியைத் தரையிலிருந்து எடுத்துக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டேன்.

சோக்கட்டியால் ஏழு வட்டங்களைச் சுற்றிவரக் கீறி, மூடிகளை விட்டுவிட்டுப் பிள்ளைகளையே நிறுத்தினோம். வட்டத்துக்கு ஐந்து பேர். ஸம்ஸியாவும் வேணுஜாவும் சண்டை பிடித்துப் பிடித்து ஒரு விதி உண்டாக்கினார்கள். ஒவ்வொரு வட்டத்திலும் முதலாம் ஆள் அசைய மாட்டாள். இரண்டாம் ஆள் ஒவ்வொரு நாளும் ஒரு வட்டம் தள்ளிப் போவாள். மூன்றாம் ஆள் இரண்டு வட்டம், நான்காம் ஆள் மூன்று, ஐந்தாம் ஆள் நான்கு. நான் கை தட்டினால் ஒரு நாள் விடிந்தது என்று கணக்கு.

தட்டினேன். முப்பத்தைந்து பேரும் மண்டபத்தைச் சுற்றி ஓடி, போய்ச் சேர்ந்த வட்டத்தில் முகம் பார்த்தார்கள். "புது ஆக்கள்!" திரும்பத் தட்டினேன். "புது ஆக்கள்!" ஏழு வட்டத்தையும் சுற்றி வரும் வரைக்கும் ஒருவரும் முட்டவில்லை. ஆறு வட்டமென்றால் இரண்டு வட்டம் தள்ளிப் போகிறவள் நான்காம் நாளே தொடங்கிய இடத்துக்குத் திரும்பிவிடுவாள். ஏழில் அது நடக்காது. ஏழு என்ற எண்ணை அப்படிப் பங்கு போட முடியாது. இதை நான் விளக்கத் தொடங்கும்போதே பாதிப் பேர் எனக்குச் சொல்லத் தொடங்கிவிட்டார்கள்.

ஏழாவது சஹனை எடுத்துவர ஸம்ஸியா தன் வீட்டுக்கு ஓடினாள். பகல் ஏழு சஹனிலும் கோழிப் புரியாணி ஆவி பறந்தது. நடுவில் லொறி போக இடமில்லை. நான் பின்கட்டில் ராத்தாவோடு நின்றுகொண்டு தனித் தட்டில் சாப்பிட்டேன்.

செவ்வாய், புதன், வியாழன். ஜவாஹிர் சேர் ஒவ்வொரு பகலும் வாசலில் வந்து நின்று, "ஆராவது ரெண்டாந்தரம் சந்திச்சீங்களா?" என்று கேட்பார். "இல்ல சேர்!" என்று கூரை அதிரும். அவர் பேப்பர் கட்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு திரும்பிப் போவார். எனக்கு அந்தச் சத்தம் தேனாக இருந்தது.

வியாழன் பின்னேரம் ஸம்ஸியா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தாள். பின்னால் வேணுஜா. நான்கு நாளாக இந்த இரண்டு பேரும் ஒட்டிப் பிறந்தவர்கள்போல் திரிந்தார்கள்.

"டீச்சர், நாளைக்கு ஒரு நாள் மட்டும் நான் வேற ஆளோட இடம் மாறவா?"

"ஏன்?"

"நாங்கள் ரெண்டு பேரும் மூண்டாம் ஆக்கள். ரெண்டு பேருக்கும் ரெண்டு வட்டம். நான் எவ்வளவு போனாலும் அவளும் அவ்வளவு போறாள். ஏழு நாள் இல்ல, எழுபது நாள் நடந்தாலும் நாங்கள் ஒரு சஹனில இருக்கவே மாட்டம்."

சரியாகச் சொன்னாள். ஒரே அளவு நகர்கிறவர்கள் ஒருநாளும் சந்திக்க மாட்டார்கள். அந்த விதியைக் கண்டுபிடித்த இரண்டு பேரையும் அந்த விதியே பிரித்து வைத்திருந்தது.

"ஏலாது" என்றேன். "ஒராள் மாறினாலும் எங்கையோ பழைய ஆக்கள் முட்டுவீனம். முகாம் போயிடும்."

"ஒராக்களுக்கும் தெரியாது டீச்சர்."

"எனக்குத் தெரியும்!" என்று கத்திவிட்டேன். ஸம்ஸியாவின் கண் கலங்கியது. எனக்கு என்மேலேயே கோபம் வந்தது. பிள்ளைகளை ஒன்றாக இருத்தத்தான் இவ்வளவும் தொடங்கினேன். இப்போது ஒன்றாக இருக்கக் கேட்கிறவர்களை விரட்டுகிறேன்.

ஸம்ஸியா மூக்கை உறிஞ்சினாள். "நாங்கள் மட்டுமில்ல, மூண்டாம் ஆக்கள் ஏழு பேரும் இப்பிடித்தான். ஒருத்தியும் ஒருத்தியோட இருக்கேல்ல."

வேணுஜா சட்டென்று அவள் கையைப் பிடித்தாள். "ஏழு பேரா?"

"ஓம், ஏழு பேர்."

"டீச்சர், சஹனில ஐஞ்சு பேர் இருக்கலாமெண்டா ஏழு பேர் இருக்கலாம்தானே?"

நான் அப்படியே தரையில் உட்கார்ந்து கைப்பையைக் கவிழ்த்து மூடி, பேனை, சாவி எல்லாவற்றையும் அடுக்கிப் பார்த்தேன். முதலாம் ஆட்கள் ஏழு பேரும் ஒரு சஹன். இரண்டாம் ஆட்கள் ஒரு சஹன். இப்படி ஐந்து சஹன், சஹனுக்கு ஏழு பேர். இவர்களில் ஒருத்தியும் மற்றவளோடு இதுவரை சாப்பிட்டதில்லை. விதி உடையவே இல்லை. கணிதத்தில் எனக்கு இதைப்போல் சந்தோஷம் பல்கலைக்கழகத்திலும் கிடைத்ததில்லை என்று அந்த இரண்டு பேரிடமும் சொன்னேன். அவர்கள் கேட்கவில்லை, குதித்துக்கொண்டிருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை. இலுப்பைக்கடவைப் பிள்ளைகளுக்கு இறைச்சி தொடாத மரக்கறி நாள் என்பதால் எல்லோருக்கும் முந்திரிக் கஜு போட்ட மரக்கறிப் புரியாணி. ஜும்மாத் தொழுகை முடியும் வரைக்கும் பொறுத்து ஐந்து சஹன் வைத்தோம். ஏழு பேர் இருந்ததில் முழங்கால் முட்டியது, தோள் இடித்தது, ஒரே சிரிப்பு.

ஜவாஹிர் சேர் தொப்பியோடு பள்ளிவாசலிலிருந்து நேரே வந்தார். சஹன்களை எண்ணினார். முகம் மலர்ந்தது.

"ஏழு இருந்ததே, இப்ப ஐஞ்சு! பிழைச்சிற்றா?"

"ஆராவது ரெண்டாந்தரமா எண்டு நீங்களே கேளுங்கோ சேர்."

கேட்டார். "இல்ல சேர்!" என்ற சத்தத்தில் காகம் பறந்தது. நம்பாமல் சஹன் சஹனாகக் குனிந்து விசாரித்தார். ஸம்ஸியா சோற்றுக் கையோடு எழும்பி விதியை முதலிலிருந்து சொன்னாள். அவர் விரலால் காற்றில் வட்டம் கீறிக் கீறிப் பார்த்தார். இரண்டு தரம் இடையில் மறித்துக் கேட்டார். கடைசியில் பேப்பர் கட்டைக் கதிரையில் வைத்துவிட்டு என்னிடம் வந்தார்.

"அடுத்த வருஷம் பொடியன்களுக்கும் வைக்கேலாதா டீச்சர்?"

"மண்டபம் என்னட்டத்தானே இருக்கு சேர், யோசிப்பம்" என்றேன். வாய் அடங்கவில்லை.

அகப்பையோடு நின்று மூன்றாம் ஆட்களின் சஹனைப் பார்த்தேன். ஸம்ஸியா கஜுக்களைப் பொறுக்கிப் பொறுக்கி வேணுஜாவின் பக்கம் தள்ளினாள். வேணுஜா அதில் பாதியைத் திருப்பித் தள்ளினாள்.

வேணுஜா நிமிர்ந்து பார்த்தாள். "டீச்சர், வாங்கோ, எங்களோட இருங்கோ."

"விதி உடைஞ்சிரும் புள்ள."

"எப்பிடி உடையும்?" என்றாள். "இந்தக் கிழமை நீங்கள் ஒருத்தரோடயும் இருந்து சாப்பிடேல்லைத்தானே. எந்தச் சஹனில இருந்தாலும் சரியாத்தான் வரும்."

சரிதான். அகப்பையை ராத்தாவிடம் கொடுத்துவிட்டுக் கை கழுவிக்கொண்டு வந்தேன். ஏழு பேரும் நெருங்கி இடம் விட்டார்கள்.